பொருள்: ஜென்டர் சென்சிட்டிவ் – 'பாலின உணர்திறன்' வேண்டாம், வேற சொல் பாப்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'ஜென்டர் சென்சிட்டிவ்'க்கு, அதாவது ஆண், பெண், திருநங்கைன்னு அவங்கவங்க நிலைமைய புரிஞ்சு நடந்துக்கறதுக்கு, தமிழ்ச் சொல் தேடற இந்த இழைய நாலு நாளா படிச்சிட்டுதான் இருக்கேன், இன்னிக்குதான் உக்காந்து எழுத முடிஞ்சுது. நண்பர்கள் எழுதினத மேற்கோளா போட்டு பதில் சொல்றேன்.

> 'பாலின உணர்திறன்' ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, அதையே வச்சுக்கலாமே, புதுசா எதுக்கு?

புழக்கத்துல இருக்குன்னா யார் புழங்கறாங்கன்னு பாக்கணும் இல்லையா. அறிக்கையில இருக்கு, கருத்தரங்கு பேனர்ல இருக்கு. நாமக்கல் பக்கம் ஹெச்ஐவி திட்டத்துல ஊர்க்காரங்களே தன்னார்வலரா வேலை செய்யறாங்க, அவங்களுக்கு ஒரு கையேட்ட தமிழ்ல கொண்டுவர்ற வேலைல நானும் இருந்தேன். "பாலின உணர்திறன் கொண்ட சேவை"ன்னு ஒரு அத்தியாயத்துக்கு தலைப்பு போட்டிருந்தோம். பயிற்சியில அத வாசிச்சதும் அம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அக்கா எழுந்து, "உணர்ச்சின்னா தேமல்ல பேனா முனையால தொட்டு பாப்போமே, அதுவாம்மா?"ன்னு கேட்டாங்க. தொழுநோய் சர்வேக்கு போனவங்க அவங்க, உணர்ச்சியற்ற தேமல்னு அங்க கேட்ட சொல்லு, அதனால அவங்க கேட்டதுல தப்பே இல்ல. பக்கத்துல இருந்த சின்ன பொண்ணு தலைய குனிஞ்சுகிட்டா, அவளுக்கு அது பாலுணர்வுன்னு காதுல விழுந்திருக்கு. ஏற்கனவே ஹெச்ஐவின்னாலே ஒழுக்கக்கேடுன்னு பேசற ஊர்ல, ஒரு பெண் தன்னார்வலர் வீடு வீடா போய் 'பாலின உணர்'ன்னு ஆரம்பிச்சா அடுத்த வார்த்தை பேச விடமாட்டாங்க. 'நுண்ணுணர்வு', 'கூருணர்வு'ன்னு மாத்தினாலும் உணர்வு உள்ளயேதான இருக்கு.

சரி, அந்த அத்தியாயத்துல என்ன சொல்ல வர்றோம்னு நான் பேச்சு வழக்குல விளக்கினேன். அதே அக்கா உடனே, "அவங்கவங்க பாடு தெரிஞ்சு நடந்துக்கணும்ங்கறீங்க, அவ்வளவுதான?"ன்னாங்க. அப்புறம் ஒரு வீட்ட பத்தி சொன்னாங்க. ஒரு மருமக, ஹெச்ஐவிக்கான கூட்டு மருந்து சாப்பிடறா, ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. மாமியாருக்கு தெரியாது. டப்பா குலுங்கினா சத்தம் கேக்கும்னு உள்ள பஞ்சு அடைச்சு துவரம்பருப்பு டின்னுக்குள்ள புதைச்சு வச்சிருக்கா. அக்கா அந்த வீட்டுக்கு போறது மாமியார் நூறு நாள் வேலைக்கு போன பிறகுதான், அதுவும் கையில நோட்டு கிடையாது, யாராவது கேட்டா குழு பணம் வசூலிக்க வந்தேன்னு பதில் ரெடியா இருக்கும். "அவ பாடு தெரியாம ரிஜிஸ்டர தூக்கிட்டு வாசல்ல நின்னா அவ பொழப்பே போச்சுல்ல"ன்னாங்க. நாங்க மூணு பக்கத்துல எழுதினது அந்த ஒரு வரியில வந்துருச்சு.

அதனால என் முன்மொழிவு: பாலினப் பாடறிந்த (பாலினப் பாடறிந்த திட்டம், பாலினப் பாடறிந்த சேவை). பெயர்ச்சொல்லா வேணும்னா பாலினப் பாடறிதல், சென்சிட்டைசேஷனுக்கு பாடறிதல் பயிற்சி. மரபும் இருக்கு, கலித்தொகையில 'பண்பெனப் படுவது பாடறிந்து ஒழுகுதல்'னு வர்றது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச வரி. ஆனா நான் அதுக்காக இத சொல்லல, அந்த அக்கா வாயில தானா வந்துச்சு, அதான் எனக்கு பெருசு.

> பாடு-ன்னா பாட்டு பாடறதுன்னு எடுத்துக்குவாங்க. ஜென்டர் பிளைண்டுக்கு (பாலின வேறுபாட்ட கண்டுக்காததுக்கு) 'பாடறியா'ன்னு போட்டா பாடத் தெரியாதவன்னு ஆயிடும்.

இத ஒத்துக்கறேன். 'பாடறியா' வேண்டாம், 'பாலினப் பாடு பாராத'ன்னு வைப்போம்.

> பாடுன்னாலே கஷ்டம். பெண்கள பாவப்பட்டவங்களா மட்டும் காட்டற சொல் ஆயிடாதா?

இந்த கேள்விய நான் ரொம்ப யோசிச்சேன். 'என் பாடு', 'உன் பாடு', 'அவன் பாட்டுக்கு போறான்'னு சொல்றப்ப கஷ்டம் மட்டுமா இருக்கு, அவங்கவங்க நிலைமை, அவங்கவங்க போக்கு எல்லாம் சேந்துதான வருது. ஆணுக்கும் பாடு உண்டு. லாரி டிரைவர் இருபது நாள் வடக்க போயிடுவாரு, மருந்து குடுக்கற மையம் திறந்திருக்கற பகல் நேரத்துல அவரால ஊர்ல இருக்க முடியாது. அவருக்கு சில மாசத்து மாத்திரைய சேத்து குடுக்க ஏற்பாடு செய்யறதும் இதே சொல்லுக்குள்ள வரணும். திருநங்கை ஒருத்தர் ஜிஹெச்ல ஓபி சீட்டு வாங்க போனா ஆண் வரிசையா பெண் வரிசையான்னு அங்கயே நின்னுடறாங்க, பல பேர் அந்த வாசலோட திரும்பி போயிருக்காங்க. கூட ஒரு தன்னார்வலர் போய் நிக்கறதுதான் அங்க சேவை. 'பெண்நலன் சார்ந்த'ன்னு இன்னொரு நண்பர் சொன்ன சொல்ல நான் ஏத்துக்காததும் இதனாலதான், டிரைவரும் திருநங்கையும் அதுல வெளிய போயிடறாங்க.

ஒரு சொல் சரியா அமைஞ்சா என்ன நடக்கும்ங்கறதுக்கு இந்த துறையிலயே உதாரணம் இருக்கு. ஹெச்ஐவி பரிசோதனை ஆலோசனை மையத்துக்கு தமிழ்நாட்டுல 'நம்பிக்கை மையம்'னு பேரு, எங்க போறன்னு பஸ்ல யாராவது கேட்டா கூசாம சொல்ல முடியற பேரு. பால்வினை நோய் கிளினிக்குக்கு 'சுகவாழ்வு மையம்', காலேஜ்ல ஹெச்ஐவி விழிப்புணர்வுக்கு இருக்கற ரெட் ரிப்பன் கிளப்புக்கு 'செஞ்சுருள் சங்கம்'. இதுக்கெல்லாம் எதிர்ப்பக்கம் 'ஆட்கொல்லி நோய்'. மருந்து எடுத்தா மத்தவங்க மாதிரி வாழலாம்னு ஆன பிறகும் அந்த சொல்லு போகல, இன்னிக்கும் சிலர் எழுதறாங்க.

கையேட்டுல இன்னொரு இடமும் உறுத்துது. 'தாயிடமிருந்து சேய்க்குப் பரவும் தொற்று'. மத்திய அரசு திட்டத்துக்கு ரொம்ப காலமா இருந்த பேரே பேரன்ட் டு சைல்ட்னுதான், அதாவது பெற்றோர், ஆனா தமிழுக்கு வந்தா தாய் மட்டும் நிக்கறா. 1986ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் இந்தியாவுல முதல் முதலா இந்த தொற்ற கண்டுபிடிச்சாங்க, அப்ப எடுத்த ரத்த மாதிரி பாலியல் தொழில்ல இருந்த பெண்களோடது. யார்கிட்ட முதல்ல தெரிஞ்சுதோ அவங்கதான் கொண்டுவந்தாங்கன்னு பழி விழுந்துடுச்சு. வீட்டுலயும் அதேதான். மாசமா இருக்கறப்ப எல்லா பெண்ணுக்கும் பரிசோதனை, அதனால அவளுக்குதான் முதல்ல தெரிய வருது, புருஷன் அதுவரைக்கும் ரத்தமே குடுத்திருக்க மாட்டாரு, ஆனா "இவ கொண்டுவந்துட்டா"ன்னு வெளிய அனுப்பிடறாங்க. சேந்து வாழ்ற வீட்டுலேந்து அப்படி அனுப்பக்கூடாதுன்னு 2017 ஹெச்ஐவி சட்டம் சொல்லுது, 2018 செப்டம்பர்லேந்து நடைமுறையில இருக்கு, ஆனா அந்த பொண்ணு கைல இருக்கற நோட்டீஸ்ல 'தாயிடமிருந்து'ன்னு நாமளே அச்சடிச்சு குடுத்திருக்கோம். சிகிச்சை இல்லாம விட்டா குழந்தைக்கு தொற்ற வாய்ப்பு 15லேந்து 45 சதவீதம், தாய் மருந்து எடுத்து குழந்தைக்கும் நெவிரபின்ங்கற தடுப்பு மருந்து சிரப் குடுத்தா 5 சதவீதத்துக்கும் கீழ கொண்டுவந்துடலாம். குழந்தைய காப்பாத்தறதே அவ தினமும் போடற மாத்திரைதான், அத அந்த தலைப்பு சொல்லவே இல்ல. நான் 'பெற்றோர்வழித் தொற்று'ன்னு மாத்தி எழுதியிருக்கேன். மருத்துவ விளக்கத்துல கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால்னு வர்ற இடத்துல தாய்னே இருக்கட்டும், அது தகவல். தலைப்புலயும் போஸ்டர்லயும் வேண்டாம்.

'பாடு'ங்கற சொல்லுக்கே திரும்ப வர்றேன். பெரும்பாடுன்னா அதிக உதிரப்போக்காச்சே, குழப்பாதான்னு தனிமடல்ல ஒரு தோழி கேட்டாங்க. எனக்கு அது பலமாத்தான் தெரியுது. பெண் உடம்போட பாட்ட வெக்கப்படாம சொல்ல கிராமத்துல ஏற்கனவே இருக்கற சொல் அது.

'பியர் எஜுகேட்டர்'க்கு (தன்னப் போல இருக்கறவங்களுக்கு விவரம் சொல்லிக்குடுக்கறவங்களுக்கு) 'சகக் கல்வியாளர்' வேண்டாம்னு சொன்னவரோட நானும் சேந்துக்கறேன், அவங்கள ஊர்ல தோழின்னுதான் கூப்பிடறாங்க. அதுக்கு தனி இழை தொடங்கிடலாம்.

அடுத்த பயிற்சி மாசக் கடைசியில. 'பாலினப் பாடறிந்த', 'பாலின உணர்திறன்' ரெண்டையும் ரெண்டு சீட்டுல எழுதி எடுத்துட்டு போறேன், விளக்கம் எதுவும் சொல்லாம அக்காங்ககிட்ட குடுத்து என்ன புரியுதுன்னு கேட்டு, அவங்க சொன்னத சொன்னபடியே இங்க எழுதறேன். அதுக்குள்ள யாருக்காவது இதவிட நல்ல சொல் தோணினா அனுப்புங்க, மூணாவது சீட்டுல எழுதிக்கறேன்.