நாளைக்கு கரண்ட் கட், பேக்கப் சர்வரை எப்படி நிறுத்துவது?

எம்.சி.ரோடு கணக்குப்பிள்ளை:
வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை, மாடி ரூமில் ஒரு பேக்கப் சர்வர். ஓடுவது டெபியன் லினக்ஸ். 4 டிஸ்க்கையும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் ஒரே பூலாகச் சேர்த்து வைத்திருக்கிறது, ரெய்டு இசட்1 முறையில், அதாவது ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி. நான் வேலைக்குச் சேர்ந்த 14 மாதத்தில் அதை யாரும் அணைத்துப் பார்த்ததே இல்லை. நாளை காலை 9 முதல் 2 வரை கரண்ட் இருக்காதாம், யூபிஎஸ் 20 நிமிடம் தாங்கினாலே பெரிய விஷயம். இப்போது டேட்டா முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் வேறு ஓடுகிறது, 38 சதவீதம்தான் ஆகியிருக்கிறது. நடுவில் நிறுத்தினால் டேட்டா போய்விடுமா? கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் போட்டு ரீபூட் பண்ணாமல் கிடக்கிறது, அதையும் இதோடு முடித்துவிடலாமா?

மண்ணடி ஹார்ட்வேர்:
ஸ்க்ரப்புக்குப் பயப்படாதீர்கள் தம்பி. எதுவரை போனோம் என்று அவ்வப்போது டிஸ்க்கிலேயே குறித்துக்கொள்ளும், திரும்ப ஆன் ஆனதும் அங்கிருந்து தொடரும். என் பயமெல்லாம் டிஸ்க்குகள் மேல்தான். வருஷக்கணக்கில் சுற்றிய டிஸ்க் ஒரு தடவை நின்று ஆறிவிட்டால் சில சமயம் மறுபடி சுற்றாது. எங்கள் கடையில் ஒன்று டிக் டிக் என்று நாலு தடவை தட்டிவிட்டு அப்படியே படுத்துவிட்டது. ரெய்டு இசட்1-ல் ஒன்று போனால் சமாளிக்கலாம், இரண்டு போனால் மொத்தமும் போச்சு. இன்று ராத்திரியே ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் (டிஸ்க் தன் நிலைமை பற்றித் தானே தரும் விவரம்) பெண்டிங் செக்டர், அதாவது சரியாகப் படிக்க முடியாத இடம், இருக்கிறதா பாருங்கள், கணக்கு ஃபைல்களையாவது வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.

ராயபுரம் ரூட்:
காப்பி முடிந்ததும் கெர்னல் ரீபூட்டை இன்றைக்கே, கரண்ட் இருக்கும்போதே செய்யுங்கள் ப்ரோ. நாளைக்கு எழவில்லை என்றால் கெர்னலா டிஸ்க்கா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். டெபியனில் இன்னொரு வம்பு: புதுக் கெர்னலுக்கு ஹெட்டர்ஸ் (மாட்யூல் பில்ட் பண்ணத் தேவையான ஃபைல்கள்) இல்லையென்றால், கெர்னலோடு சேர வேண்டிய இசட்எஃப்எஸ் மாட்யூல் பில்ட் ஆகியிருக்காது, பூலையே காணோம் என்று பதறுவீர்கள்.

காலையில் முதலில் பேக்கப் ஜாப்பை நிறுத்துங்கள், அதைக் குறித்த நேரத்தில் கிளப்பும் டைமரையும் சேர்த்து. விட்டுப்போனதை ஓட்டும்படி டைமரில் போட்டிருந்தால், சர்வர் எழுந்தவுடனே எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். கடை கம்ப்யூட்டர்களில் சர்வரின் ஷேர் ஃபோல்டர் இணைந்திருந்தால் கழற்றிவிட்டு அப்புறம் பவர்ஆஃப் கொடுங்கள். பட்டனில்தான் அணைப்பீர்கள் என்றால் லேசாக ஒரு தட்டு போதும், 4 செகண்ட் பிடித்தால் பிளக்கைப் பிடுங்கியது மாதிரிதான். கரண்ட் வந்தால் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். நம்ம ஏரியாவில் கரண்ட் வரும்போது இரண்டு மூன்று தடவை வந்து வந்துதான் நிற்கும்.

எம்.சி.ரோடு கணக்குப்பிள்ளை:
ஹெட்டர்ஸ் நிஜமாகவே இல்லை அண்ணா, போட்டுவிட்டு ராத்திரியே ரீபூட் செய்தேன். இன்றைக்குக் கரண்ட் வர மூன்று மணி ஆகிவிட்டது, 4 டிஸ்க்கும் எழுந்துவிட்டது. ஆனால் காப்பி வேகமாகப் போகட்டும் என்று நேற்று ஸ்க்ரப்பை பாஸ் (pause, தற்காலிக நிறுத்தம்) பண்ணியிருந்தேன், இப்போது தொடரவே இல்லை, 38-லேயே நிற்கிறது.

மண்ணடி ஹார்ட்வேர்:
பாஸ் பண்ணினால் ரீபூட் ஆனாலும் பாஸிலேயேதான் இருக்கும். ஸ்க்ரப் கமாண்டை மறுபடி ஒரு தடவை கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும்.