எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6: அந்த 36 செகண்ட் டீசர்ல தெரியறது ஹாமர்ஃபெல் தான், ஹைராக் ஆளுங்க இங்க வந்து பேசுங்க

செம்மணல்:
நேத்து "எந்த கேமுக்கு வெயிட்டிங்" த்ரெட்ல பனிமூட்டம் போற போக்குல ஒரு வரி போட்டுட்டு போயிருக்காரு: "எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 ஹைராக்ல தான் நடக்கப்போகுது, டீசர கண்ணால பாத்தவனுக்கு தெரியும், ஹாமர்ஃபெல் கோஷ்டி இன்னும் மணல்ல உருண்டுட்டு இருக்கு." கீழ லைக் வேற குவியுது. புதுசா வர்றவங்களுக்கு: எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம் சீரிஸ் நடக்கறது டாம்ரியல்னு ஒரு கற்பனை கண்டத்துல, அதுல ஹைராக் ப்ரெட்டன் இனத்தோட நாடு, ஹாமர்ஃபெல் ரெட்கார்டு இனத்தோட நாடு. சரி, கண்ணால பாத்ததப் பத்தியே பேசுவோம். 2018 ஜூன் 10, நமக்கு 11ஆம் தேதி திங்கக்கிழமை காலைல, ஈ3 கேம் கண்காட்சில, கேம எடுக்கற பெத்தெஸ்டா கம்பெனியோட ஷோ கடைசில அந்த டீசர் வந்துச்சு. மொத்தமே 36 செகண்ட். அன்னைக்கு காலேஜ் பஸ்ஸ விட்டுட்டு உக்காந்து பாத்தவன் நான், அப்புறம் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. கேமரா மலைக்கு மேல பறந்து வருது, மரம்னு சொல்ல ஒண்ணும் பெருசா இல்ல, காஞ்ச பாறை, இடுக்குல கொஞ்சம் புதர், ஒரு பக்கம் கடல். பிரைட்னஸ ஏத்தி வெச்சு நிறுத்தி நிறுத்திப் பாருங்க, அந்தப் பாறை செம்பழுப்பு. காஞ்ச பாறையும் கடலும் ஒண்ணா இருக்கற இடம் ஹாமர்ஃபெல் தான். பாறை என்ன கலர்? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, வேற எதுவும் வேண்டாம்.

பனிமூட்டம்:
என் பேரு போட்டு தனி த்ரெட்டா, சந்தோஷம். பாறை கலரப் பாத்தீங்க, பாறை மேல என்ன இருக்குன்னு பாக்கலையே. மூட்டம் சார், மூட்டம். டீசர் முழுக்க அது தான். அலிக்கிர் பாலைவனத்துல யாரு வந்து சாம்பிராணி போட்டாங்க? மலை, மூட்டம், கீழ கடல், இது மூணும் இருக்கறது ஹைராக். ராத்கேரியன் மலைன்னு ஒண்ணு இருக்கு, மேப்ல ஹைராக் பக்கம் தான் இருக்கு, வேணும்னா வட்டம் போட்டு அனுப்பறேன்.

செம்மணல்:
ஹாமர்ஃபெல்னாலே அலிக்கிர் மணல் மட்டும்னு நெனச்சுட்டு இருக்கறவங்க கிட்ட என்ன பேசறது? அஞ்சாவது பார்ட் நடந்த ஸ்கைரிம் நாட்டு எல்லைய ஒட்டி டிராகன்டெயில் மலைத்தொடர் நிக்குது, அதுல கால் பாகம் கூட மணல் கிடையாது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்ல கிராக்லார்ன் போயிருக்கீங்களா? அதுவும் ஹாமர்ஃபெல் தான், எங்க திரும்பினாலும் பாறை. போனதில்லன்னா இன்னைக்கு ராத்திரி போயிட்டு வாங்க, நாளைக்கு பேசலாம். மூட்டம் எந்த ஊர்லயும் வரும், விடியக்காலைல எங்க ஊரு ஏரில கூட வரும். கலர் வராது. பாறை என்ன கலர்னு கேட்டேன், பதில் இல்ல.

புதுவரவு07:
அண்ணா நான் ஸ்கைரிம் மட்டும் தான் ஆடிருக்கேன். ஒரு டவுட், வைட்ரன் நகரத்துக்கு உள்ள போகவே லோடிங் வருதே, அப்போ அது ஓப்பன் வேர்ல்டு கணக்குல வருமா வராதா? 6ல அது இருக்குமா?

பனிமூட்டம்:
பதில் வேணுமா, சாம்பல். பாறை சாம்பல் கலர். உங்க மானிட்டர் எந்த வருஷத்துது?

செம்மணல்:
மானிட்டர் ஐபிஎஸ் பேனல், கலர் செட் பண்ணி வெச்சிருக்கேன், வேலையே போட்டோ எடிட்டிங் தான். கலரப் பத்தி என் கிட்ட பேசாதீங்க.

ரீலோடு:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. ஸ்கைரிம் வந்தது 2011 நவம்பர் 11. அதுக்கு முந்தின பார்ட் ஆப்ளிவியன் 2006. நடுவுல அஞ்சு வருஷம் தான். 6ஆவது பார்ட்டுக்கு 2018ல டீசர் விட்டாங்க, 2023 ஆகஸ்ட்ல தான் ப்ரீ-ப்ரொடக்‌ஷன் முடிஞ்சு வேலை ஆரம்பக் கட்டத்துல இருக்குன்னு சொன்னாங்க. அதே வருஷம் ஜூன்ல சான்பிரான்சிஸ்கோ கோர்ட்ல அப்போ மைக்ரோசாஃப்ட் கேமிங் தலைவரா இருந்த ஃபில் ஸ்பென்சர் இன்னும் அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகலாம்னு சாட்சி சொல்லிட்டாரு. 2025ல பெத்தெஸ்டா டைரக்டர் டாட் ஹோவர்டும் இன்னும் ரொம்ப தூரம் இருக்குன்னு சொல்லிட்டாரு. அப்போ 2018ல நீங்க பாத்தது கேம் இல்ல, ஒரு மலையப் படம் காட்டிட்டுப் போயிருக்காங்க. அந்த மலை கடைசில கேம்ல இருக்கும்னு யாரு கையெழுத்து போட்டுக் குடுத்தா? எனக்கு அதுல வர்ற கோவம் சாதாரணமா இல்ல. ஸ்கைரிம நான் 2011ல டிஸ்க்ல வாங்கினேன், 2016ல ஸ்பெஷல் எடிஷன், 2017ல ஸ்விட்சுக்கு, 2021ல ஆனிவர்சரி, நாலு தடவை ஒரே கேமுக்கு காசு குடுத்தவன். அடுத்த பார்ட்டுக்கு இன்னும் 36 செகண்ட் தான் காட்டிருக்காங்க.

செம்மணல்:
நாலு தடவை வாங்குன்னு யாரும் உங்கள கட்டாயப்படுத்தல. கேம் ரெடி ஆகலன்றது வேற, எந்த ஊருன்னு முடிவு பண்றது வேற. ஊரு முடிவாகாம எந்த ஸ்டுடியோவும் நிலத்த மாடல் பண்ணி லைட் போட்டு மியூசிக் சேர்த்து ஷோ கடைசில காட்ட மாட்டான். ஒரு வேலைல இருந்தவனுக்கு இது தெரியும். அப்புறம் 2021 புத்தாண்டுக்கு அவங்க ட்விட்டர்ல போட்ட படம் ஞாபகம் இருக்கா? ஸ்கைரிம் மேப், மேல மெழுகுவர்த்தி, பழசை எழுதி வெச்சு எதிர்காலத்த மேப் பண்ணுங்கன்ற மாதிரி ஒரு வரி. அந்த மேப்ல ஹாமர்ஃபெல் பக்கம் என்ன இருந்துச்சுன்னு போய்ப் பாருங்க.

பனிமூட்டம்:
மெழுகுவர்த்தி. சரி. இவரு தான் 2018ல ட்ரேட்மார்க் விஷயத்துல எங்கள எல்லாம் முட்டாளுங்கன்னு திட்டினவரு, ஞாபகம் இருக்கறவங்க இருக்கீங்களா? "ரெட்ஃபால்"னு பேர் பதிவு பண்ணினாங்க, உடனே ரெட்கார்டு இனம் வீழுற கதை, அதனால ரெட்ஃபால், அதனால ஹாமர்ஃபெல்னு மூணு பக்கத்துக்கு எழுதினாரு. என்னாச்சு? 2021 ஜூன்ல பாத்தா அது ரத்தக்காட்டேரி சுடுற கேம். 2023 மே மாசம் வெளிய வந்து என்ன கதி ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். அன்னைக்கு இவரு என் கிட்ட பந்தயம் கட்டினாரு, தோத்தா ஒரு மாசம் நான் சொல்ற படத்த அவதாரா வெக்கறேன்னு. மூணு நாள் வெச்சாரு, அப்புறம் மாத்திட்டாரு.

செம்மணல்:
அவதார் மேட்டர் ஏற்கனவே பேசி முடிஞ்சது. அப்போ சைட்ல ஏதோ அப்டேட் வந்து எல்லாரோட படமும் போச்சு, எனக்கு மட்டும் இல்ல. ரெட்ஃபால்ல நான் தப்பா சொன்னேன், இல்லன்னு சொல்லல, ஆனா அன்னைக்கு பாதிப் பேரு அதையே தான் சொன்னாங்க. அதுக்கும் பாறைக்கும் என்ன சம்பந்தம்? பேர் வெச்சு யூகிக்கறது ஒண்ணு, கண்ணு முன்னால இருக்கற பாறையப் பாத்து சொல்றது இன்னொண்ணு. பேச்ச மாத்தாதீங்க.

வாள்பாடகி:
பாறையவே கட்டிட்டு அழுவறீங்களே தம்பிங்களா, கதை எங்க போகணும்னு பாருங்க. ஸ்கைரிம் கதைக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? பேரரசு, எல்ஃபுங்கள ஆளற தால்மோர் கிட்ட மண்டி போட்டு வொயிட்-கோல்டு கன்கார்டட்ன்ற ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுச்சு, நாலாம் யுகம் 175. ஹாமர்ஃபெல்ல தெக்குப் பக்கம் பெரும் பகுதிய எழுதிக் குடுத்துட்டாங்க. ரெட்கார்டுங்க அத ஒத்துக்கல. பேரரசு கைய விட்டதுக்கு அப்புறம் தனியா நின்னு இன்னும் அஞ்சு வருஷம் சண்டை போட்டு 180ல தால்மோரோட ஆல்ட்மெரி படைய நாட்ட விட்டே துரத்தினாங்க. டாம்ரியல்ல தால்மோர தனியா நின்னு வெரட்டின ஒரே நாடு அது. அத ஸ்கைரிம்ல நம்ம புத்தகத்துலயும் ஊர்ஆளுங்க வாயிலயும் தான் கேட்டோம். ஹெகாதி துறைமுகத்துல நின்னு அந்த சண்டை முடிஞ்ச ஊரப் பாக்கணும்னு எனக்கு பன்னெண்டு வருஷ ஆசை. ஹைராக்ல என்ன இருக்கு, நாலு ராஜா நாலு கோட்டை, கல்யாண சம்பந்தம், விருந்து. ரெண்டாவது பார்ட் டேகர்ஃபால்ல பாத்தாச்சே.

பனிமூட்டம்:
அக்கா நீங்க சொன்னதால மரியாதையா சொல்றேன், டேகர்ஃபால் வந்தது 1996. அத வெச்சு ஹைராக் பாத்தாச்சுன்னு சொன்னா, அதே கேம்ல ஹாமர்ஃபெல்லும் பாத்தாச்சு. 1998ல ரெட்கார்டுன்னு தனி கேமே ஸ்ட்ராஸ் எம்காய் தீவுல எடுத்தாச்சு. அப்போ யாரு புதுசு, யாரு பழசு?

ரெண்டுகரை:
ஏனுங்க, டேகர்ஃபால் பேச்சு வந்ததால சொல்றேனுங்க. அது நடந்ததே இலியாக் வளைகுடாவ சுத்தி, ஒரு கரை ஹைராக், எதிர் கரை ஹாமர்ஃபெல். டீசர்லயும் கடல் தெரியுது. ரெண்டும் சேர்த்து வெச்சா என்னங்க? நடுவுல பால்ஃபியரா தீவு, ஆடமண்டைன் கோபுரம், கப்பல்ல இக்கரைல இருந்து அக்கரை போயிட்டு வரலாமுங்க.

செம்மணல்:
ரெண்டும் சேர்த்தா ரெண்டும் அரைகுறையா வரும். இதே பெத்தெஸ்டாவோட ஸ்டார்ஃபீல்டுல ஆயிரம் கிரகம்னு சொல்லி என்ன குடுத்தாங்கன்னு 2023ல பாத்தோம்.

பனிமூட்டம்:
இந்த ஒரு விஷயத்துல ரெண்டுகரை சொல்றதுல பாதி சரி, எந்தக் கரையில ஆரம்பிக்குதுன்றது தான் கேள்வி. டீசர்ல கேமரா நிக்கறது ஹைராக் கரை.

ரெண்டுகரை:
ரெண்டு பேரும் சேந்து என்னையே அடிக்கறீங்களே.

வாள்பாடகி:
ரெட்கார்டு கேம் வந்தப்போ இங்க பாதிப் பேரு பொறக்கவே இல்ல. ஸ்கைரிம்ல ரெட்கார்டு கதைன்னு நமக்கு கெடைச்சது வைட்ரன்ல சாடியா மட்டும் தான். அவள தேடி அலிக்கிர் ஆளுங்க நகரக் கதவு வரைக்கும் வந்து நிக்கறாங்க, அந்த ஒரு குவெஸ்ட் ஆடினதுல இருந்து எனக்கு அந்த நாடு வேணும். பாவம், சத்திரத்துல தட்டு தூக்கிட்டு ஒளிஞ்சு வாழ்ந்தா.

ரீலோடு:
பாவமா? சாடியா அவ பேரே இல்லக்கா, ஈமான். டானெத் நகரத்த தால்மோருக்கு வித்துட்டு ஓடி வந்தவ. அந்த அலிக்கிர் ஆளுங்க தலைவன் கெமாட்டு தெளிவா சொல்றானே. நான் அவள லாயத்துக்கு கூட்டிட்டுப் போய் ஒப்படைச்சேன், இன்னும் பத்து தடவை ஆடினாலும் ஒப்படைப்பேன்.

வாள்பாடகி:
கெமாட்டு சொன்னா வேதவாக்கா? அவ தால்மோர எதிர்த்துப் பேசினேன், அதனால கொல்ல ஆள் அனுப்பிருக்காங்கன்றா. ரெண்டுக்கும் சாட்சி கிடையாது. கூலிக்கு வந்த ஆளு, கொள்ளைக்காரன் குகைல உக்காந்துட்டு நியாயம் பேசறான், அத நம்பி ஒரு பொண்ண கட்டிப் போட்டுக் குடுத்துட்டு பெருமையா வேற எழுதறீங்க.

ரீலோடு:
கொல்ல வந்தவன் ஏன்க்கா அவள உயிரோட புடிச்சுட்டுப் போறான்? அவ அசைய முடியாம விழுந்ததும் அங்கயே வெட்டிருக்கலாமே. அத யோசிங்க.

வாள்பாடகி:
விசாரணைன்னு சொல்லி தால்மோர் எத்தனை பேர கூட்டிட்டுப் போச்சு, திரும்பி வந்தாங்களா? அத நீங்க யோசிங்க.

புதுவரவு07:
என் டவுட்டுக்கு யாரும் பதில் சொல்லலையே. லோடிங் இருக்குமா?

ரீலோடு:
இருக்கும் தம்பி. கேம ஓட்டற சாஃப்ட்வேர் அதே கிரியேஷன் என்ஜின் பரம்பரை தான், கதவத் தொட்டா லோடிங். ஆப்ளிவியன 2025 ஏப்ரல்ல ரீமாஸ்டர் பண்ணி அன்னைக்கே அறிவிச்சு அன்னைக்கே வித்தாங்க, மேல அன்ரியல் 5 கிராஃபிக்ஸ் பூச்சு, உள்ள பழைய என்ஜின், அதுலயும் வீட்டுக்குள்ள போக லோடிங் தான்.

பனிமூட்டம்:
தம்பி இவரு சொல்றத கேக்காத. லோடிங் இருந்தா என்ன, மேஜை மேல இருக்கற ஒவ்வொரு கரண்டியையும் எடுத்துட்டுப் போய் வீட்ல வெக்கலாம், ஒரு மாசம் கழிச்சு வந்தாலும் போட்ட இடத்துல கெடக்கும். அத வேற எவன் பண்றான்? அதுக்கு தான் அந்த என்ஜின்.

ரீலோடு:
கரண்டி சேக்க எனக்கு 15 வருஷம் காத்திருக்க முடியாது. அதுவும் சோனியோட பிஎஸ்5ல வருமான்னே தெரியாம. 750 கோடி டாலர் குடுத்து மைக்ரோசாஃப்ட் பெத்தெஸ்டாவோட தாய்க் கம்பெனிய வாங்கினதே சோனிக்கு குடுக்காம இருக்கத் தான்.

ரெண்டுகரை:
பிஎஸ்5ல வருதோ இல்லையோங்க, அது வர்றப்போ பிஎஸ்5ஏ இருக்குமான்னு பாருங்க.

செம்மணல்:
கன்சோல் சண்டைக்கு வேற த்ரெட் இருக்கு. நான் இன்னைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்துல மறுபடி உக்காந்து டீசர ஒவ்வொரு ஃப்ரேமா ஓட்டினேன். கடலோரமா மலை இறங்கி முடியற இடத்துல மதில் மாதிரி ஒண்ணு தெரியுது, பக்கத்துல உருண்டையா ஒரு கட்டடம். குவிமாடம். எனக்கு அது ஹாமர்ஃபெல்லோட சென்டினல் நகர பாணி கட்டடமா தான் தெரியுது. ப்ரெட்டன் ஊர்ல கூரை கூம்பா இருக்கும், எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு ஸ்கிரீன்ஷாட்ல அம்புக்குறி போட்டு ஏத்தறேன். அத விடுங்க, அந்த மதிலுக்குப் பின்னால இருக்கற பாறை, மறுபடியும் சொல்றேன், செம்பழுப்பு. ஏழெட்டு வருஷமா ஒருத்தராவது அந்த ஒரு கேள்விக்கு நேரா பதில் சொல்லிருக்கீங்களா? மூட்டம், ட்ரேட்மார்க், அவதார், கரண்டின்னு ஓடறீங்க. எனக்கு இந்த கேம் சும்மா டைம்பாஸ் இல்ல. ஸ்கைரிம்ல முதல் தடவை குகைல இருந்து வெளிய வந்து அந்த மலையப் பாத்தப்போ எனக்கு 15 வயசு. அதே மாதிரி ஒரு காலைல ஹாமர்ஃபெல் கடற்கரையில கண்ணத் தொறக்கணும், அவ்வளவு தான். அத ஒருத்தர் ஒரே வரில கனவுன்னு சொல்லிட்டுப் போனா சும்மா இருக்க மாட்டேன்.

பனிமூட்டம்:
எனக்கும் அதே ஸ்கைரிம் தான், எனக்கும் அதே மாதிரி ஒரு காலை வேணும். ஆனா அது ஹைராக்ல. நேரா பதில் தானே, சாம்பல். சாம்பல்னு மேலயே சொன்னேன், படிக்கல.

செம்மணல்:
படிச்சேன். தப்பு பதில்.

பனிமூட்டம்:
அம்புக்குறி போடறப்போ மூட்டத்துக்கும் ஒண்ணு போடுங்க. அப்புறம் அந்த அவதார், பாக்கி 27 நாள்.