அட்டையில் அதே ஹீரோ, உள்ளே வேறு வயது: பிள்ளைகளோடு படித்த புது சூப்பர்ஹீரோ காமிக்ஸ்

ஜெர்சி சிட்டியிலிருந்து

வணக்கம். வீட்டில் பத்து வயதில் ஒரு பெண், பதினைந்தில் ஒரு பையன். ரெண்டு பேருக்கும் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் என்றால் உயிர். புதிதாக வந்தவற்றில் உங்கள் பிள்ளைகளுக்கு எது ஒட்டியது, எது ஒட்டவில்லை என்று எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலிடம் கமலா கானுக்கு. 2014 பிப்ரவரியில் 'மிஸ் மார்வெல்' தனித் தொடராக வந்தது. ஜி. வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்போனா வரைந்தார். அதற்குப் பின்னால் நின்ற எடிட்டர் சனா அமானத் நியூ ஜெர்சியில் வளர்ந்தவர். கதை நடப்பதும் எங்கள் ஊரில்தான். பாகிஸ்தானியக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பெண், அப்பா வேண்டாம் என்று சொன்ன பார்ட்டிக்கு ராத்திரி திருட்டுத்தனமாகப் போகிறாள். அங்கே சூழ்கிற பனிமூட்டத்தில் அவளுக்குச் சக்தி வருகிறது. வந்ததும் தன் உருவம் போய், அவள் கும்பிடும் ஹீரோயின் மாதிரி பொன்னிற முடியோடு நிற்கிறாள். என் மகள் அந்தப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டாள்: "ஏம்ப்பா, அவ அவளாவே இருந்துக்கிட்டு பலசாலியா இருக்கக் கூடாதா?" அந்த முதல் தொகுப்பு முழுக்க அந்தக் கேள்விதான். கடைசியில் தன்னிடம் இருந்த நீச்சல் உடையான புர்கினியையே மாற்றித் தைத்துச் சீருடையாக்கிக்கொண்டு, தன் முகத்தோடேயே தெருவில் இறங்குகிறாள். முதல் தொகுப்புக்கு 2015இல் ஹியூகோ விருது (அறிவியல் புனைகதை, மாயக்கதைகளுக்குத் தரும் பெரிய விருது) கிடைத்தது. அதே வருஷம் சான் பிரான்சிஸ்கோ பேருந்துகளில் இஸ்லாமியருக்கு எதிராக வந்த விளம்பரங்களின் மேல் யாரோ கமலாவின் படத்தை ஒட்டினார்கள். அதைச் சொன்னபோது என் பையன் ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசினான்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. பெண் அடங்கவில்லை என்று கவலைப்பட்டுப் பெற்றோர் அவளை மசூதியில் ஷேக்கிடம் பேச அனுப்புகிறார்கள். திட்டப்போகிறார் என்றுதான் நாமும் நினைப்போம். அவரோ, செய்வதைத் துணிச்சலோடும் நேர்மையோடும் செய், உனக்கு ஒரு ஆசிரியரைத் தேடிக்கொள் என்கிறார். பெரியவர்களை வில்லனாகவோ கோமாளியாகவோ காட்டாத பிள்ளைகள் கதையைப் பார்ப்பது அபூர்வம்.

ஒரு முக்கியமான விஷயம். அட்டையில் பேட்மேன் இருக்கிறார் என்பதால் அது குழந்தைகள் புத்தகம் ஆகிவிடாது. பின்னட்டையில் பார்கோடு பக்கம் பொடி எழுத்தில் வயதுக்குறி இருக்கும். மிஸ் மார்வெலை வெளியிடும் மார்வெல் நிறுவனத்தில் 'ஆல் ஏஜஸ்' எல்லாருக்கும். 'டி பிளஸ்' பதின்மூன்றுக்கு மேல். 'பேரன்டல் அட்வைசரி' இன்னும் பெரியவர்களுக்கு. பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனத்தில் 'பிளாக் லேபிள்' என்று போட்டிருந்தால் அது பதினேழுக்கு மேல், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. அதே டிசி 2019 முதல் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கென்றும், பதின்மூன்றுக்கு மேல் உள்ளவர்களுக்கென்றும் முழுக்கதைப் புத்தகங்களைத் தனியாகவே கொண்டுவருகிறது. முன்பின் எதையும் படித்திருக்க வேண்டாம், ஒரே புத்தகத்தில் கதை முடியும். மாதாமாதம் வரும் இதழ்களில் நாற்பது வருஷக் கதையைத் தெரிந்துகொண்டு வா என்பார்கள். பிள்ளைகள் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

ஸ்கார்பரோவிலிருந்து

வணக்கம் தம்பி. நான் ஒரு அம்மம்மா. பேரனுக்கு வயது ஒன்பது. நூலகத்தில எடுத்துக்கொண்டு வாறதை என்னோட இருந்துதான் வாசிப்பான். எனக்கு இங்கிலிஷ் மெதுவாத்தான் ஓடும், ஆனால் படம் இருக்கிறதால விளங்கும்.

அவன் கொண்டுவந்ததில எனக்கு நெஞ்சுக்குள்ள நிண்டது 'கிரீன் லான்டர்ன்: லெகசி'. 2020இல வந்தது. மின் லே எழுதினது, ஆண்டி டாங் கீறினது. டாய் பாம் எண்ட பதின்மூன்று வயதுப் பெடியன், வியட்நாமில இருந்து வந்த குடும்பம். அவன்ர அம்மம்மா கடை வைச்சிருந்தவ. அவ செத்த பிறகு அவவின்ர பச்சைக்கல் மோதிரம் அவனிட்ட வருது. பிறகுதான் தெரியுது, அந்த மனுசியும் ஒரு கிரீன் லான்டர்னா, அதுதான் மோதிரத்தின்ர சக்தியால உலகத்தைக் காக்கிற ஹீரோவா, இருந்தவவாம்! என்ர பேரன் என்னை மேலயும் கீழயும் பார்த்துப்போட்டு, "அம்மம்மா, உங்கட மோதிரம் எங்க?" எண்டு கேட்டான். அதுக்குப் பிறகு ஊரில நான் என்ன செய்தனான், எப்பிடி இங்க வந்தனாங்கள் எண்டு ஒவ்வொண்டாக் கேக்கத் தொடங்கிட்டான். முந்தி நானாச் சொன்னாலும் காது குடுக்கமாட்டான்.

இன்னுமொண்டு. மே மாதம் முதல் சனிக்கிழமை காமிக்ஸ் கடையளில இலவசமாப் புத்தகம் குடுப்பினம். 2002இல தொடங்கின வழக்கம். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, தாங்களே தெரிஞ்செடுக்கட்டும்.

கோயம்புத்தூரிலிருந்து

அம்மா, நீங்கள் எழுதியதை என் வகுப்பில் வாசித்துக் காட்டப்போகிறேன். எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். வாரம் ஒரு வாசிப்பு வகுப்பு உண்டு. போன பருவத்தில் 'சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த கிளான்' எடுத்துக்கொண்டேன். ஜீன் லுவென் யாங் எழுதியது. வரைந்தவர்கள் குரிஹிரு என்ற பெயரில் சேர்ந்து வரையும் இரண்டு ஜப்பானிய ஓவியர்கள். 2021இல் பிள்ளைகள் பிரிவில், காமிக்ஸுக்குத் தரும் ஐஸ்னர் விருது பெற்றது.

இதற்கு மூலம் 1946இல் அமெரிக்க வானொலியில் வந்த சூப்பர்மேன் தொடர். கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தை ஒத்த ஒரு கும்பலை, குழந்தைகள் கேட்கும் நேரத்திலேயே சூப்பர்மேனோடு மோதவிட்டார்கள். அந்தக் கதையை யாங் எடுத்து, குடிவந்த சீனக் குடும்பத்துப் பெண் ராபர்ட்டா லீயின் கண்ணால் சொல்கிறார். வீட்டு முற்றத்தில் சிலுவையைக் கொளுத்தி மிரட்டுகிறார்கள். சூப்பர்மேனுக்கும் இதில் ஒரு பயம் இருக்கிறது. தான் வேற்றுக்கிரகத்தவன் என்று தெரிந்தால் ஊர் வெறுக்குமோ என்று, பறக்க முடிந்தும் பறக்காமல் ஓடியும் தாவியுமே காலம் தள்ளுகிறான்.

வகுப்பில் அதிகம் பேசப்பட்டவன் சூப்பர்மேன் அல்ல, சக் என்ற பையன். பேஸ்பால் அணியில் தன் இடத்தை ராபர்ட்டாவின் அண்ணன் டாமி பிடித்துவிட்டான் என்ற கோபத்தில் இருக்கிறான். அவனுடைய மாமாதான் அந்தக் கும்பலின் தலைவர். ஆசையாக வளர்க்கும் பெரியவர் தப்பானதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை என்ன செய்வது? "மிஸ், வீட்ல சொல்றத எப்படி மிஸ் தப்புன்னு சொல்றது?" என்று ஒருத்தன் கேட்டான். வகுப்பே அமைதியானது. யார் வீட்டில் யாருக்குத் தனி டம்ளர் என்பது வரைக்கும் பேச்சு போனது. பாடப்புத்தகத்தில் தீண்டாமை ஒரு குற்றம் என்று வருஷா வருஷம் படிக்கிறார்கள்; இந்தப் பேச்சு அதில் வந்ததே இல்லை.

ஒரு குறை இருக்கிறது. நான் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்லிச் சொல்லித்தான் நடத்தினேன். 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைத் தமிழில் கொண்டுவந்தது. என் அப்பா தலைமுறை அதில்தான் எழுத்துக்கூட்டி வேகமாக வாசிக்கப் பழகியது. அந்த வாசகர்கள் இன்னும் காமிக்ஸை விடவில்லை, ஆனால் அவர்களுக்கு வயது ஐம்பது, அறுபது. இன்றைய பத்து வயதுக்கென்று வரும் இந்தப் புது வகைக் கதைகள் தமிழில் வந்து நான் பார்க்கவில்லை. வந்தால் என் பள்ளிக்கு நானே வாங்கிப்போடுவேன்.

சிங்கப்பூரிலிருந்து

எனக்குப் பதினாறு வயசு. அண்ணன், அக்கா எல்லாரும் மன்னிக்கணும், எனக்குக் கொஞ்சம் வேற கருத்து. எல்லாத்தையும் அப்பா அம்மா பக்கத்துல உக்காந்து படிக்கணும்னு இல்ல. 'டீன் டைட்டன்ஸ்: ரேவன்' நான் தனியாத்தான் படிச்சேன். காமி கார்சியா எழுதி காப்ரியேல் பிக்கோலோ வரைஞ்சது. விபத்துல வளர்ப்பம்மாவையும் ஞாபகத்தையும் இழந்த பொண்ணு. அதுல வர்ற துக்கத்த யார்கூடவும் உடனே பேச எனக்குத் தோணல. ஒரு வாரம் கழிச்சு அம்மாகிட்ட நானே குடுத்தேன்.

என் தங்கச்சிக்கு 'மூன் கேர்ள் அண்ட் டெவில் டைனோசர்' தான் எல்லாம். லுனெல்லா ஒன்பது வயசுப் பொண்ணு, மார்வெல் உலகத்துலயே பெரிய அறிவாளி, கூட ஒரு சிவப்பு டைனோசர். 2015ல ஆரம்பிச்ச தொடர். அவ இப்போ பழைய சாமான்ல ஏதாவது மெஷின் பண்ணிக்கிட்டே இருக்கா.

ஜெர்சி சிட்டியிலிருந்து

தம்பி சொல்வதை ஏற்கிறேன். என் பையனுக்கும் ரேவனைக் கொடுத்துவிட்டு நான் தள்ளி இருக்கப்போகிறேன். ஆசிரியை அவர்களே, உங்கள் வகுப்புக்குக் கமலாவின் முதல் தொகுப்பை ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்துவிடுகிறேன். எட்டாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும், ஆனாலும் நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நல்லதாக எதுவும் இங்கே இன்னும் வரவில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் எழுதுங்கள்.