எண்ணெய் 25ஆம் தேதியே தீர்ந்துபோகிறது, உங்கள் வீட்டிலும் இப்படியா?

ஈரோட்டு அம்மா:
வீட்டில் நாலு பேர். மாதம் மூன்று கவர் சூரியகாந்தி எண்ணெய், பல வருஷமாக இதே கணக்குதான். மூன்று மாதமாக 25ஆம் தேதிக்கே காலியாகிவிடுகிறது. மாமியார்தான் கை தாராளமாக ஊற்றுகிறார் என்று நினைத்து ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன், அவர் ஒன்றும் பேசவில்லை. நேற்று காலிக் கவரைக் கத்தரித்து மிச்சத்தை வழிக்கும்போதுதான் கண்ணில் பட்டது: 750 கிராம். முன்பு 910 கிராம் இருக்கும். கவரின் உயரம், படம், நிறம் எல்லாம் அப்படியே இருக்கிறது. பையனுக்கு வாங்கும் 5 ரூபாய் பிஸ்கட்டும் இளைத்துக்கொண்டே போகிறது. இதைச் சட்டம் கேட்காதா?

மளிகைக்காரர், திண்டுக்கல்:
சகோதரி, உங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கவருக்கு 160 கிராம் வீதம் மூன்று கவரில் 480 கிராம் குறைவு, ஒரு லிட்டர் எண்ணெயே 910 கிராம்தான் என்பதால் இது அரை லிட்டருக்கும் மேல், அதனால்தான் 30 நாள் எண்ணெய் 25 நாளில் முடிகிறது.

கடையில் நின்று பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். 5 ரூபாய், 10 ரூபாய் என்பது எங்களிடம் அசையாத விலை. காசை நீட்டிக் கேட்கும் பிள்ளையிடம் 6 ரூபாய் என்றால் வைத்துவிட்டுப் போய்விடும், அதனால் கம்பெனிக்காரர்கள் விலையைத் தொடாமல் எடையில் கை வைக்கிறார்கள். நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். 2024 செப்டம்பரில் வரியை ஏற்றியபோது விலை உடனே ஏறியது, 2025 மே கடைசியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு வரியைக் குறைத்தார்கள், ஆனால் சுருங்கிய கவர் திரும்பப் பெருக்கவில்லை. எனக்கு வருத்தமே அன்றாடங்காய்ச்சிகளை நினைத்துத்தான். சாயங்காலம் கூலி வாங்கியதும் பத்து ரூபாய்க்கு எண்ணெய், அஞ்சு ரூபாய்க்கு டீத்தூள் என்று வாங்குகிறவர்களுக்குத்தான் ஒரு கிராமின் விலை பெரும்பாலும் அதிகமாக விழுகிறது.

நுகர்வோர் பக்கம்:
அம்மா, எடையைக் குறைத்து, குறைத்த எடையைச் சரியாக அச்சிட்டால் சட்டப்படி குற்றம் இல்லை. முன்பு பிஸ்கட், டீத்தூள், சமையல் எண்ணெய் போன்றவற்றை இன்ன இன்ன எடையில்தான் அடைக்கவேண்டும் என்று 2011ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. 2021ல் கொண்டுவந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. பதிலுக்கு, ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் ஒரு கிராம் என்ன விலை என்று அச்சிடவேண்டும் என்றார்கள். அதைப் பாருங்கள். 138 ரூபாய் கவரில் 750 கிராம் இருந்தால் கிராம் 18.4 காசு, பக்கத்திலேயே 160 ரூபாய்க்கு 910 கிராம் இருந்தால் 17.6 காசு. மலிவாகத் தெரிகிற கவர்தான் விலை கூடியது.

அச்சிட்ட எடையைவிட உள்ளே குறைந்திருந்தால் அது வேறு விஷயம், விடவே கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள், அல்லது உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தமிழ்நாட்டில் எடையளவு அவர்கள் பொறுப்புதான்.

தஞ்சாவூர் பையன்:
அரிசி மூட்டை மட்டும் 25 கிலோவிலிருந்து 26 ஆனதைக் கவனித்தீர்களா அக்கா? 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பொட்டலத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது, ஒரு கிலோ கூட்டிக் கட்டினால் வரி இல்லை. அதனால் மூட்டை விலையைப் பார்க்காமல் கிலோ விலையைக் கேளுங்கள். அப்புறம், ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், கார்டு இருந்தால் விடாதீர்கள்.

ஈரோட்டு அம்மா:
எல்லோருக்கும் நன்றி. முதலில் மாமியாரிடம் கவரைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். "நான் எப்பவும் ஊத்துறதுதானே ஊத்துறேன்" என்றார், கேட்கவே கஷ்டமாக இருந்தது. இன்று கடையில் ஐந்து கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் கிராம் விலை ஒட்டு மடிப்புக்குள் போயிருக்கிறது, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. அம்மா வயதுக்காரர்கள் இதை எப்படிப் படிப்பார்கள்? அந்தப் படத்தோடு திங்கட்கிழமை 1915ல் சொல்லப்போகிறேன், என்ன பதில் வருகிறது என்று இங்கே எழுதுகிறேன்.