இரவில் வலசை போகும் பறவைகளின் குரலைப் பதிவு செய்வது எப்படி?

கேள்வி:
கன்னியாகுமரி மாவட்டத்தின் தேரூர்க் குளத்தின் அருகில் வசிக்கிறேன். ஐப்பசி பிறந்தபின் நான்கு இரவுகள் மொட்டை மாடியில் கைபேசியை வைத்துப் பதிவு செய்தேன். வலசைப் பறவைகளில் பல இரவில் பறப்பவை என்பதால் நிறையக் குரல்கள் கிடைக்கும் என எண்ணினேன். கிடைத்ததோ சுவர்க்கோழிகளின் இரைச்சலும், இடையிடையே ‘குவாக்’ என்ற ஒரே குரலும்தான். அது வலசைக் குரலா? பிழை என் முறையிலா?

மறுமொழி 1:
அந்தக் குரல் பெரும்பாலும் வக்கா என்னும் இராக்கொக்கினுடையது. இரை தேடிப் பறக்கும்போது அது இரவெல்லாம் குரல் கொடுக்கும், ஆள்காட்டியும் அப்படித்தான். எனவே நீர்நிலையின் கரையில் கேட்கும் இரவுக்குரலை உடனே வலசைக்குரல் என்று குறித்துவிடக் கூடாது. கைபேசியின் பதிவுச் செயலிகள் பல, மனிதப் பேச்சைத் தெளிவாக்குவதற்காக மெல்லிய ஒலிகளை அழித்துவிடுகின்றன. சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். அமெரிக்காவில் பில் எவான்ஸ் என்பவர் பிளாஸ்டிக் பூந்தொட்டிக்குள் மைக்கை வானம் பார்க்க வைத்து, வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடிப் பயன்படுத்தினார். நம் ஐப்பசி மழைக்கும் அது பொருந்தும்.

மறுமொழி 2:
முறையைவிட எதிர்பார்ப்பைத்தான் திருத்த வேண்டும் என்பேன். 1896-இல் விஸ்கான்சினின் மேடிசனில் ஓரின் லிபி என்பவர் ஒரே இரவில் வலசைப் பறவைகளின் சுமார் 3,800 குரல்களை எண்ணினார். ஆனால் அந்நாட்டுச் சிறு பறவைகள் பல பறந்துகொண்டே குரல் கொடுப்பவை. நம்மிடம் வரும் இலைக் கதிர்க்குருவிகள் இரவுப் பயணத்தில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. வடக்கிலிருந்து இரவில் பறந்து வரும் ஆறுமணிக்குருவி களைத்துப்போய் வீட்டுக்குள் விழுந்து கிடப்பதைப் பார்த்துத்தான் அதன் வருகையை நம்மில் பலர் அறிகிறோம். ஆகவே பதிவில் குரல் இல்லாததால் வானத்தில் பறவை இல்லை என்று ஆகாது. ஒரே பறவை பலமுறை கத்தக்கூடும் என்பதால் குரல்களின் எண்ணிக்கையும் பறவைகளின் எண்ணிக்கை ஆகாது. இங்கே குரல் கொடுக்கும் என்று நம்பத் தகுந்தவை, நீர்க்கரையில் இரை தேடும் கரைப்பறவைகளே. மணக்குடிக் கழிமுகத்திலோ புத்தளம் உப்பளத்தருகிலோ பதிந்தால், பச்சைக்காலியின் மூன்றசைக் கூவல் போன்றவை கிடைக்கலாம். உப்பளத்துக்குள் இரவில் செல்வதானால் முன்பே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். திருடன் என்று துரத்துவார்கள்.

கேட்டவர்:
நன்றி. மணக்குடியில் அலையோசை எல்லாவற்றையும் மூடிவிடாதா?

மறுமொழி 2:
அலையோசையின் வலு பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கும்; பச்சைக்காலியின் குரல் அதற்கு மேலே, 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் அளவில் அமையும். ஒலியைப் படமாகக் காட்டும் ஒலிவரைபடத்தில் சுவர்க்கோழி நீண்ட கிடைப்பட்டையாகவும், பறவைக்குரல் சிறு கீறலாகவும் தெரியும். நான்கு இரவுகளையும் காதால் கேட்டு முடிப்பதைவிடக் கண்ணால் தேடுவது விரைவு.