சோம்புத் தட்டில் பத்து ரூபாய் வைப்பது அவமானமா?

பழைய சப்ளையர் | இரவு 9.05

இந்த மன்றத்தில் பக்கத்துத் திரியில் கணக்குப்புலி எழுதியிருப்பதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "சாப்பிட்டு முடிச்சு சோம்புத் தட்டில் பத்து ரூபாய் வைக்கிறது பிச்சை போடுற மாதிரி. வைச்சா பில்லில் பத்து சதவீதம் வை. இல்லேன்னா ஒண்ணுமே வைக்காதே. அதுதான் தொழிலாளிக்கு மரியாதை." இதுக்கு நாற்பது பேர் லைக் வேற.

நான் 11 வருஷம் சென்னையில சைவ ஹோட்டல்ல சப்ளையரா இருந்தவன். 2004ல சேர்ந்தப்ப மாசம் 1800 ரூபாய், மூணு வேளை சாப்பாடு, மாடியில படுக்க இடம். சம்பளம் முழுசா ஊருக்குப் போயிடும். ராத்திரி ஷட்டர் இறக்கினப்புறம் பாயில உட்கார்ந்து பாக்கெட்டைக் கவிழ்த்துக் கொட்டி எண்ணுவோம். ஒரு ரூபா ஒரு அடுக்கு, ரெண்டு ரூபா ஒரு அடுக்கு. எங்க சோப்பு, டீ, முடிவெட்டு, ஊருக்குப் போன் எல்லாம் அந்த அடுக்குலேர்ந்துதான். எவன் எவ்வளவு வைச்சான்னு யாரும் அவமானப்பட்டதில்லை. வைக்காமப் போனவனைத்தான் ஞாபகம் வைச்சிருந்தோம்.

பத்து ரூபாய் அவமானம்னு சொல்ற உரிமை வாங்குறவனுக்குத்தான் இருக்கு. கொடுக்காம தப்பிக்கப் பார்க்கிறவனுக்கு இல்லை.

கணக்குப்புலி | இரவு 9.21

பேரைச் சொல்லியே திரி ஆரம்பிச்சிருக்கீங்க, நல்லது. பில்டர் காபித் திரியில உங்களுக்கு நான் கொடுத்த பதில் இன்னும் உறுத்துதுன்னு தெரியுது.

நாலு பேர் போய் 1200 ரூபாய்க்குச் சாப்பிடுறாங்க. ஒருத்தர் முக்கால் மணி நேரம் ஓடி ஓடிப் பரிமாறுறார். கிளம்பும்போது தட்டுல பத்து ரூபாய். நூத்துக்கு ஒரு ரூபாய்கூட வரலை. இதை மரியாதைன்னு சொல்றீங்களா? 2004ல ஒரு காபி என்ன விலை, இன்னைக்கு என்ன விலை? பத்து ரூபாய் மட்டும் ஏன் அங்கேயே நிக்குது?

நெல்லைச் சீமை | இரவு 9.30

ஏன்னா பத்து ரூபா காயினை எவனும் வாங்க மாட்டேங்கான், அதான் தட்டுல வைக்கோம். போன வாரம் ஒரு சப்ளையரே "சார் நோட்டா கொடுங்க"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.

பழைய சப்ளையர் | இரவு 9.38

@கணக்குப்புலி உறுத்தல் எல்லாம் எனக்கு இல்லை. காபித் திரியில நீங்க சிக்கரி விகிதத்தைத் தப்பாச் சொன்னீங்க, நான் திருத்தினேன். அவ்வளவுதான்.

1200 ரூபாய் பில்லை எடுத்து ஆடாதீங்க. எங்க ஹோட்டலுக்கு வர்றவர் ரெண்டு இட்லி ஒரு வடை சாப்பிடுறவர். 70 ரூபாய் பில். உங்க பத்து சதவீதக் கணக்குப்படி ஏழு ரூபாய். அவர் பத்து வைக்கிறார். இப்ப அவர் பிச்சை போட்டாரா, கூடுதலா மரியாதை பண்ணினாரா? சொல்லுங்க.

டல்லாஸ் தமிழன் | இரவு 9.44

இங்கே டெக்ஸஸில் வாங்கிப் பாருங்கள், அப்புறம் தெரியும். 18, 20, 22 சதவீதம் என்று திரையில் மூன்று பட்டன். நின்றபடி பார்சல் வாங்கினாலும் திரையை நம் பக்கம் திருப்புகிறார்கள். ஆனால் காரணம் இருக்கிறது. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுத்தாக வேண்டிய கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991லிருந்து ஒரு சென்ட் ஏறவில்லை. டிப்ஸும் சேர்ந்து பொதுக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலர் வரவில்லை என்றால்தான் மீதியை முதலாளி போட வேண்டும். டெக்ஸஸில் அதே கணக்குதான். கலிபோர்னியாவில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது, முழுக் கூலி கொடுத்தே ஆகவேண்டும். இங்கே டிப்ஸ் என்பது நன்றி இல்லை, பாதிச் சம்பளம்.

கணக்குப்புலி | இரவு 9.52

பார்த்தீங்களா? அமெரிக்காவுல 20 சதவீதம். நான் கேட்டது அதுல பாதி.

பழைய சப்ளையர் | இரவு 9.58

அவர் எழுதினதுல கடைசி வரியைப் படிக்காம 20ஐ மட்டும் பொறுக்கிட்டு வந்துட்டீங்க. முதலாளி 2.13 கொடுத்துட்டு மிச்சத்தை வாடிக்கையாளர் தலையில கட்டுறான். அதுதான் அந்த 20. அந்த முறை இங்கே வரணுமா? இங்கே சம்பளம் முதலாளி பொறுப்பு. சதவீதம்னு ஆரம்பிச்சா, "டிப்ஸ் வருதில்ல, சம்பளம் எதுக்கு"ன்னு முதலாளி கேட்பான்.

பத்து ரூபாய்ல அந்த ஆபத்து இல்லை. அது சம்பளம் இல்லைன்னு கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குறவனுக்கும் தெரியும்.

சொல்லாய்வு | இரவு 10.03

ஒரு வேண்டுகோள். இனாம், டிப்ஸ், மாமூல், லஞ்சம் நான்கும் வேறு வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். சேவை முடிந்த பின் விரும்பிக் கொடுப்பது டிப்ஸ். முடிவதற்கு முன் கேட்டு வாங்குவது...

மயிலாப்பூர் மாமி | இரவு 10.06

சிலிண்டர் போட வர்றவர் அம்பது ரூபாய் இல்லாம நகர மாட்டேங்கறார். பில்லுலயே டெலிவரி சேர்த்துதான் விலைன்னு போட்டிருக்கு. கேட்டா "மாமி, எல்லாரும் கொடுக்கறா"ங்கறார். இதுக்கு என்ன பேர்? இதைப் பத்தி யாராவது பேசுங்கோளேன்.

நெல்லைச் சீமை | இரவு 10.10

மாமி, அது காயினா கொடுத்துப் பாருங்க. அடுத்த தடவை கேக்க மாட்டார்.

பழைய சப்ளையர் | இரவு 10.15

மாமி, உங்க வீடு எந்த மாடி? உள்ளே 14.2 கிலோ கேஸ், இரும்போட எடை சேர்த்தா 30 கிலோ பக்கம் வரும். தோள்ல வைச்சு மூணு மாடி ஏறி வந்து, காலி சிலிண்டரைத் தூக்கிட்டு இறங்குற மனுஷன். கட்டாயப்படுத்திக் கேட்கிறது தப்புதான், புகார் பண்ணுங்க. ஆனா ஏறி வந்த ஆளுக்குத் தண்ணி கொடுத்துட்டு இருபது ரூபாய் நீங்களா நீட்டியிருந்தா, அம்பது கேட்கிற பேச்சே வந்திருக்காது.

மயிலாப்பூர் மாமி | இரவு 10.19

எங்காத்துல லிப்ட் இருக்கு. தண்ணி கொடுக்காம அனுப்பற வழக்கம் எங்களுக்கு இல்லை. தெரியாம பேசப்படாது.

ஸ்காபரோ ராசன் | இரவு 10.27

எல்லாரும் பரிமாறுறவரைப் பற்றித்தான் கதைக்கிறியள். நான் இஞ்ச ரொறன்ரோவில 14 வருசம் ரெஸ்டோரன்ட் கிச்சினில நிண்டவன். முதல் மூண்டு வருசம் கோப்பை கழுவினன். கையெல்லாம் வெந்து வெடிச்சுப் போகும். வெளியில வெயிட்டர் ஒரு வெள்ளிக்கிழமை இரவில எடுக்கிற ரிப்ஸ் என்ர கிழமைச் சம்பளத்தில பாதி. எங்களுக்கு அதில ஒரு துண்டு பிரிச்சுத் தருவினம், அது அவையின்ர மனதைப் பொறுத்தது. இஞ்ச ஒன்ராறியோ மாகாணத்தில முதலாளி ரிப்ஸில கைவைக்கக் கூடாதெண்டு 2016 இல சட்டம் நடைமுறைக்கு வந்திட்டுது. மதுபானம் பரிமாறுறவைக்கு மட்டும் மற்றவையை விடக் குறைவா இருந்த கூலியையும் 2022 சனவரியோட எடுத்துப்போட்டினம். ஆனா கோப்பை கழுவிறவனை எந்தச் சட்டமும் கண்டுகொள்ளேல்லை. பழைய சப்ளையர் அண்ணை, உங்கட தட்டில விழுந்த காசில மேசை துடைச்ச பெடியனுக்கு எவ்வளவு குடுத்தனீங்கள்?

கணக்குப்புலி | இரவு 10.31

அருமையான கேள்வி. பதிலுக்குக் காத்திருக்கேன்.

பழைய சப்ளையர் | இரவு 10.44

ராசன் அண்ணே, கேள்வி நியாயம். உங்க கைக்கு முன்னாடி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

எங்க செக்‌ஷன்ல எனக்கு ஆறு டேபிள். ஒரு பையன் க்ளீனர், விருத்தாசலம் பக்கத்து ஊர்க்காரன். பில் கட்டி வாடிக்கையாளர் எழுந்ததும் நான் அடுத்த டேபிளுக்கு ஓடியிருப்பேன், தட்டுக்கிட்ட அவன்தான் இருப்பான். ஒரு நாள்கூட அவன் அதுல கைவைச்சதில்லை. ஈரத்துணியால டேபிளைத் துடைச்சு, தட்டுல இருக்கிற காசை டம்ளருக்கு அடியில நகர்த்தி வைச்சுட்டுப் போவான். எனக்கு அடையாளம். ராத்திரி எண்ணும்போது மூணுல ஒரு பங்கு அவனுக்கு. இது சத்தியம். எல்லாரும் அப்படிக் கொடுக்கலை, அதையும் ஒத்துக்கிறேன்.

கணக்குப்புலி சாருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பையன் டம்ளருக்கு அடியில நகர்த்தி வைச்சது உங்க பத்து சதவீதம் இல்லை. அந்தப் பத்து ரூபாய்.

கோடம்பாக்கம் 24 | இரவு 10.50

ஹோட்டல்காரன் பில்லுலயே 5 சதவீதம் டிப்ஸ் எடுத்துக்கிறானே, அதுக்கு மேல எதுக்கு வைக்கணும்?

பழைய சப்ளையர் | இரவு 10.55

தம்பி, பில்லைக் கையில எடுத்துப் பாருங்க. சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5ன்னு ரெண்டு வரி இருக்கும். அது அரசாங்கத்துக்குப் போற வரி. சப்ளையருக்கு அதுல பத்து பைசா கிடையாது.

நீங்க நினைக்கிறது சர்வீஸ் சார்ஜ். பெரிய ரெஸ்டாரன்ட்கள்ல போடுவாங்க. அதைத் தானாகப் பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ல வழிகாட்டுதல் போட்டுச்சு. ரெஸ்டாரன்ட் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போனாங்க. 2025 மார்ச் 28ல மனுவைத் தள்ளுபடி பண்ணி ஆளுக்கு ஒரு லட்சம் கட்டச் சொன்னாங்க. போட்டிருந்தா எடுக்கச் சொல்லுங்க. எடுக்கலைன்னா 1915க்குப் போன் பண்ணுங்க. எடுத்த காசுல கொஞ்சத்தைப் பரிமாறினவர் கையில கொடுங்க.

கணக்குப்புலி | இரவு 11.02

சட்டம் எல்லாம் சரியாச் சொல்றீங்க. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லலை. நீங்க இப்ப சொந்தமா மெஸ் நடத்துறதா பிரியாணித் திரியில எழுதியிருந்தீங்க. உங்க மெஸ் சப்ளையருக்கு மாசச் சம்பளம் எவ்வளவு?

டல்லாஸ் தமிழன் | இரவு 11.04

அது தனிப்பட்ட கேள்வி. திரிக்குச் சம்பந்தம் இல்லை.

கணக்குப்புலி | இரவு 11.05

"சம்பளம் முதலாளி பொறுப்பு"ன்னு சொன்னது அவர்தானே? முதலாளியும் அவர்தான். சம்பந்தம் இருக்கு.

பழைய சப்ளையர் | இரவு 11.19

மெஸ் நடத்துறேன், ஒளிச்சு வைக்கலை. ரெண்டு பேர் வேலை செய்யறாங்க. முன்னே மாதிரி தட்டுல காசு விழறதில்லை. எல்லாரும் கல்லாவுக்கு வந்து க்யூஆரைக் காட்டி ஸ்கேன் பண்ணிட்டு, சோம்பை மென்னுக்கிட்டே போயிடறாங்க. பில் தொகை என் அக்கவுண்டுக்கு வருது. அந்தப் பசங்களுக்குச் சல்லிக்காசு வராது. அதனால நான் ஒண்ணு பண்ணினேன். ரெண்டு பேர் பேர்லயும் தனித்தனியா க்யூஆர் எடுத்து, சோம்பு டப்பா மூடியில ஒட்டியிருக்கேன். முதல் வாரம் யாரும் பார்க்கலை. இப்ப ஒரு நாளைக்கு எட்டு, பத்துப் பேர் போடுறாங்க. எவ்வளவு தெரியுமா? பெரும்பாலும் பத்து ரூபாய். போன்ல "பத்து ரூபாய் பெறப்பட்டது"ன்னு சத்தம் வந்ததும் அந்தப் பையன் அடுப்படியிலேர்ந்து எட்டிப் பார்த்துக் கும்பிடுவான். வந்து பார்த்துட்டு அவமானம்னு சொல்லுங்க.

கணக்குப்புலி | இரவு 11.23

நல்லா எழுதறீங்க. சம்பளம் எவ்வளவு?

நெல்லைச் சீமை | இரவு 11.26

போன்ல வாற பத்து ரூபாய்க்குச் சிக்கல் இல்ல. கையில இருக்க காயினுக்குத்தான் சிக்கல். 14 டிசைன்ல இருக்க பத்து ரூபா காயினும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018லயே சொல்லியாச்சு. இன்னும் எங்க ஊர்ல பஸ்ல வாங்க மாட்டேங்கான், கடையில வாங்க மாட்டேங்கான். சப்ளையர் மட்டும் ஏன் வாங்கணும்? வாங்கினா அவர் அதை எங்க மாத்துவார்?

சொல்லாய்வு | இரவு 11.29

நான் மேலே கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. முன்கூட்டியே கேட்டு வாங்குவதும் டிப்ஸ்தானா? வண்டி வருவதற்கு முன்பே டிப்ஸ் கேட்டதாக ஊபருக்கு 2025 மே மாதம் அதே நுகர்வோர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வரையறை இல்லாமல்...

கோடம்பாக்கம் 24 | இரவு 11.31

அண்ணே அதுக்குத் தனித் திரி போடுங்க.

ஸ்காபரோ ராசன் | இரவு 11.36

பழைய சப்ளையர் அண்ணை, க்யூஆர் ரெண்டு பேருக்கு எண்டியள். கோப்பை கழுவிறது ஆர்? அவருக்கும் மூடியில இடம் இருக்கோ?

பழைய சப்ளையர் | இரவு 11.48

கழுவுறது ஒரு அம்மா. அவங்ககிட்ட ஸ்மார்ட்போன் இல்லை. பசங்க பிரிச்சுக் கொடுக்கணும்னு சொல்லியிருக்கேன். நாளைக்கே கேட்டு எழுதுறேன் ராசன் அண்ணே.

@நெல்லைச் சீமை, வைக்கிற காயினை வைங்க. எங்க கல்லாவுல நான் வாங்கிக்கிறேன். பக்கத்து டீக்கடைக்காரர் வாங்க மாட்டேன்னார், ரிசர்வ் வங்கி சொன்னதை அச்செடுத்து அவர் கடையில ஒட்டிட்டு வந்தேன். இப்ப வாங்குறார்.

@கணக்குப்புலி, நீங்க கடைசியா எப்ப தட்டுல எவ்வளவு வைச்சீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க. அப்புறம் என் மெஸ் கணக்குப் பேசலாம். பத்து ரூபாய் அவமானம்னு சொன்னவர் நூறு வைச்சிருப்பார்னு நம்புறேன்.

கணக்குப்புலி | இரவு 11.55

நான் வைக்கிறதில்லை. மேலேயே சொல்லிட்டேன், பத்து சதவீதம் வைக்க முடியலைன்னா ஒண்ணும் வைக்கக் கூடாதுங்கறது என் கொள்கை. பத்து ரூபாய் வைச்சு அவரைச் சிறுமைப்படுத்த மாட்டேன்.

பழைய சப்ளையர் | இரவு 11.57

எல்லாரும் படிச்சுக்கோங்க. வைக்கிறதில்லை. இதுக்குத்தான் இவ்வளவு தத்துவம்.

கணக்குப்புலி | நள்ளிரவு 12.01

சம்பளம் எவ்வளவுன்னு இன்னும் வரலை. அதையும் எல்லாரும் படிச்சுக்கோங்க.

மயிலாப்பூர் மாமி | காலை 6.12

இன்னிக்கு சிலிண்டர் வர்றது. இருபது கொடுக்கறதா, அம்பது கொடுக்கறதா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கோ.

நெல்லைச் சீமை | காலை 6.40

காயினா ரெண்டு கொடுங்க மாமி.