இத்தனை காற்றாலை இருந்தும் கச்சா எண்ணெய் இறக்குமதி ஏன் குறையவில்லை?

பல்லடம்_தறிக்காரன்
பல்லடத்திலிருந்து உடுமலை போகும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடுகிறது. கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலை, மில் கூரை மேலெல்லாம் சோலார். ஆனாலும் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. வளைகுடாவில் யாராவது சண்டை போட்டால் இங்கே நூல் இறக்குகிற லாரிக்காரர் வாடகையை ஏற்றுகிறார். அப்படியானால் இவ்வளவு காற்றும் வெயிலும் எங்கேதான் போகிறது?

லைன்மேன்_ஓய்வு
தம்பி, காற்றாலை தருவது கரண்ட். கச்சா எண்ணெய் பெரும்பாலும் போவது வண்டிக்கு. இரண்டும் வேற வேற கணக்கு. நாட்டில் டீசல் எரித்து எடுக்கிற கரண்ட் ரொம்பக் கொஞ்சம், முக்கால்வாசி நிலக்கரியில்தான் வருகிறது. அதனால் காற்றாலை சுற்றினால் முதலில் மிச்சமாவது நிலக்கரி. அதுவும் சும்மா இல்லை, மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு ஒடிசா நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, அப்புறம் ரயிலில் வரவேண்டும்.

ஒரு காலத்தில் நம்ம ஊரில் டீசலுக்கும் கரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. 2012 வாக்கில் பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது, வசதியுள்ள யூனிட்டெல்லாம் ஜெனரேட்டரில்தான் ஓட்டின. ராத்திரி தெருவில் படுத்தாலும் அந்த டுபுடுபு சத்தமும் புகையும்தான். இன்றைக்கு அந்த டீசல் செலவு இல்லை, அதையும் கணக்கில் சேருங்க.

ஆடிக்காத்து
லைன்மேன் அண்ணா சொன்னது சரி, இன்னொன்றும் இருக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரைதான் பலம். ஆடியில் ராத்திரி ரெக்கை பிய்த்துக்கொண்டு சுற்றும், ஊர் தூங்கும், கரண்ட் வாங்க ஆள் இருக்காது, சில நாள் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். தையில் அதே காற்றாலை சிலை மாதிரி நிற்கும். சோலாரோ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பூஜ்யம், வீடுகளில் லைட், ஃபேன், டிவி எல்லாம் போடுவதே அப்போதுதான்.

மிச்ச கரண்டைச் சேர்த்து வைக்க ஆனைமலையில் கடம்பாறை இருக்கிறது, 400 மெகாவாட். மிச்சமிருக்கும்போது ஆழியாற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி ஓட்டுகிற அமைப்பு. 1980களில் வந்தது. அடுத்ததாக நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது, எப்போது முடியுமோ. சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து புகளூர் வரை 6,000 மெகாவாட் லைன் போட்டார்களே, அங்கேயிருந்து கரண்ட் கொண்டுவர மட்டுமில்லை, இங்கே மிஞ்சுகிற காற்றுக் கரண்டை வடக்கே அனுப்பவும்தான். ஆனால் அந்தக் கோபுரம் யார் தோட்டத்தில் நின்றது என்று திருப்பூர், ஈரோடு விவசாயிகளைக் கேளுங்க. தென்னை வைக்க முடியாது, இடம் விலை போகாது. பசுமைக் கரண்ட் என்று பேசுகிறவர்கள் அந்த நஷ்டத்தைப் பேசுவதே இல்லை.

திருப்பூர்_டெம்போ
ஆகமொத்தம் பெட்ரோல் குறையணும்னா வண்டி மாறணும், அவ்வளவுதான். பனியன் லோடு காலையில் கட்டிங்கிலிருந்து தையலுக்கு, மத்தியானம் தையலிலிருந்து செக்கிங்குக்கு, எல்லாமே சுத்துப்பட்டுக்குள்தான். இதற்கு டீசல் டெம்போ எதற்கு? கரண்ட் லோடு ஆட்டோ போதும். பகலில் வண்டி நிற்கிற நேரத்தில் கூரை சோலாரிலேயே சார்ஜ் போட்டால் சாயங்காலக் கரண்ட் தேவையும் ஏறாது.

பேனலும் பேட்டரியும் சீனாவை நம்பித்தானே இருக்கு என்பார்கள். உண்மைதான், சோலார் செல்களும் பேட்டரி லித்தியமும் பெருமளவு அங்கேயிருந்துதான் வருகின்றன. ஆனால் பேனல் ஒருமுறை வாங்கினால் இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும், டீசல் ஊற்றுகிற அன்றைக்கே புகையாகிவிடும். எனக்கு இந்த வித்தியாசம் போதும்.

பல்லடம்_தறிக்காரன்
டெம்போ அண்ணா, சுத்துப்பட்டுக்குச் சரி. எங்களுக்கு வாரத்துக்கு இரண்டு நடை பாவு (தறியில் பூட்டுகிற நீளவாட்டு நூல்) ஏற்றிக்கொண்டு சோமனூர் போகணும், பாரம் அதிகம். அந்த லோடு ஆட்டோ முழுப் பாரத்தோடு போய் வருமா, நடுவில் சார்ஜ் போட வேண்டியிருக்குமா? ஓட்டிப் பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்க.